பிரித்துப் போட்ட பந்தயக் கார்



சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? இரும்பைக் கடைவதும் துளையிடுவதும் அங்கே அன்றாட வேலை. அப்படிப்பட்ட ஒரு பட்டறை, நான்கைந்து நண்பர்கள், ஒரு பழைய கார். பொழுதுபோக்காகக் கார்ப் பந்தயத்தில் இறங்குகிறவர்களின் தொடக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் பந்தயங்கள் நின்றுவிடும். காரை அக்கக்காகப் பிரித்துச் செப்பனிட அதுவே தக்க சமயம். நமக்குப் பனிக்காலம் இல்லாவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இருக்கிறதே! சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே அமைந்தது. சோழவரத்தில் ஓட்டியவர்களில் பலர், ஃபியட், ஹெரால்டு போன்ற சாதாரணக் கார்களை மாற்றியமைத்து ஓட்டிய ஆர்வலர்கள்.

காரைப் பிரித்துப் போட்டதும் அவர்கள் முன் மூன்று கேள்விகள் எழும். மூன்றுக்கும் விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

எதைக் கழற்றி எறியலாம்?

வேகம் கூட்ட எஞ்சினைத்தான் பெரிதாக்க வேண்டுமா? நியூட்டனின் இரண்டாம் விதியை நினைத்துப் பாருங்கள். விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். ஒரு காரின் நிறை 800 கிலோகிராம். அதை முன்தள்ளும் விசை 2000 நியூட்டன் என்று கொள்வோம். முடுக்கம் 2.5 மீ/வி². இனி, பின் இருக்கை, தரைவிரிப்பு, கதவின் உள் அட்டை என்று தேவையற்றவற்றை எல்லாம் நீக்கி, நிறையை 640 கிலோகிராம் ஆக்குங்கள். முடுக்கம் 3.1-ஐத் தாண்டிவிடும்! எஞ்சினைத் தொடாமலே கால் பங்கு ஆதாயம் கிடைத்துவிட்டதல்லவா?

எவ்வளவு தாழ்த்தலாம்?

வைக்கோலை உயரமாக ஏற்றிய மாட்டுவண்டி, மேடுபள்ளத்தில் சாய்ந்து விழும். அதே எடையுள்ள செங்கல் வண்டி விழுவதில்லை. செங்கல் வண்டியின் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதே காரணம். ஆகவேதான் பந்தயக் கார் தரையோடு தரையாகக் கிடக்கிறது.

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1988-இல் உருவாக்கிய ஃபார்முலா மாருதி இதற்கு நல்ல சான்று. அதில் இருந்தது வீட்டுக் காரான மாருதி 800-இன் 796 கன செ.மீ. எஞ்சின்தான். அதை எடை குறைந்த, தாழ்வான, ஒற்றை இருக்கை உடலில் பொருத்தினார். குறைந்த செலவில் பந்தயக் கார் கிடைத்தது. பல இளைஞர்கள் பந்தயத்துக்குள் நுழைய வழி பிறந்தது. அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவை அருகேயுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விரிசல் எங்கே?

மூன்றாவது கேள்விதான் உயிர் காக்கும் கேள்வி. ஒரு மெல்லிய கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருங்கள். முதல் வளைப்பில் ஒன்றும் ஆகாது. ஆனால் சில வளைப்புகளுக்குப் பிறகு பட்டென்று ஒடிந்துவிடும். இதை உலோகச் சோர்வு என்பார்கள். சக்கரத்தைத் தாங்கும் அச்சும், திருப்பு அமைப்பின் தண்டுகளும் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பள்ளத்திலும் சற்றே வளைந்து மீள்கின்றன. ஒரு மூலையில் மயிரிழை விரிசல் தோன்றும். கண்ணுக்குத் தெரியாமலே வளரும். அடுத்த பந்தயத்தில், முழு வேகத்தில், அது முறிந்தால் என்ன ஆகும்?

அதைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் எளிய முறை ஒன்று உண்டு. உறுப்பை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிடுவார்கள். பிறகு துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டித் தூளைப் பூசுவார்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெண்மையின்மேல் ஒரு கருங்கோடாகக் காட்டிக்கொடுக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை விளைவுதான்!

நீங்களும் செய்து பார்க்கலாம். மயிரிழை விரிசல் விட்ட பழைய பீங்கான் கோப்பையின்மேல் பேனா மையைத் தடவி, ஐந்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடையுங்கள். விரிசலில் மட்டும் மை தங்கி நிற்கும்.

சாலைக்கு வருவோம்

இவ்வளவும் செய்த பின்னரும் உராய்வு விதியைப் பந்தய வீரர் மீற முடியாது. வளைவில் காரைத் திருப்புவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு ஒன்றே. 40 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில், உராய்வுக் கெழு 0.8 ஆனால், சறுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகம் மணிக்கு சுமார் 64 கி.மீ. மழையில் கெழு 0.4 ஆகக் குறைந்தால் அந்த வேகம் சுமார் 45 கி.மீ. ஓட்டுபவரின் துணிச்சல் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை, கவனித்தீர்களா?

பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வராது. வீரருக்குத் தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் உண்டு. ஆம்புலன்ஸ் காத்து நிற்கும். லாரிகள் போய்வரும் சேதராப்பட்டுச் சாலையில் இவை எதுவும் இல்லை. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக் பிடித்து நிறுத்தத் தேவையான தூரமும் நான்கு மடங்கு. பள்ளிவாசலில் பைக்கில் சீறிப் பாயும் அண்ணன்மாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இன்று மாலையே உங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா? முன்சக்கர நட்டு தளர்ந்திருக்கிறதா? சட்டத்தின் பற்றவைப்பு ஓரங்களில் கோடு ஏதேனும் தெரிகிறதா? பந்தயக்காரர்கள் மழைக்காலம் முழுதும் செய்கிற வேலையின் சிறிய வடிவம் இது. விடுமுறை நாள் ஒன்று போதும்!