மிதக்கும் காற்றாலை

கல்முனைக் கடற்கரையில் கச்சான் காற்று வீசும்போது, இந்தக் கடலுக்குள் ஒரு காற்றாலை நட்டால் என்ன என்று யோசித்ததுண்டா நேயர்களே?

மன்னார்ப் பக்கம் கடல் ஆழம் குறைவு. பெரிய இரும்புக் குழாயைக் கடலடி மண்ணில் அடித்து இறக்கி, அதன்மேல் காற்றாலையை நிறுத்தலாம். எங்கள் கிழக்குக் கடல் அப்படியல்ல. மருதமுனை, சாய்ந்தமருது மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள், கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனாலே ஆழம் கிடுகிடுவென்று இறங்கிவிடும்.

ஆனால் அதற்கும் வழி வந்துவிட்டது! ஸ்கொட்லாந்துக் கடலில் 2017ஆம் ஆண்டு முதல் ஐந்து காற்றாலைகள் மிதந்தபடியே மின்சாரம் தருகின்றன. நங்கூரம் போட்ட தோணி மாதிரி, கனத்த சங்கிலிகள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. அடியில் பாரம் ஏற்றிய நீண்ட இரும்பு உருளை தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்பதால், பெரிய அலை வந்தாலும் அவை கவிழ்வதில்லை.