உயிர் போன வயலின்!

அப்பா போய் ஆறு வருஷம். அவர் வயலின் பீரோ மேலேயே கிடந்தது. மகளை வயலின் கிளாஸில் சேர்த்ததும் எடுத்துத் தூசி தட்டினேன். அங்கேதான் சனி பிடித்தது.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? 'வேலையை மொத்தமாக முடிப்போம்' என்று நாலு கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றினேன். கம்பிகளைத் தாங்கும் குதிரை சாய்ந்தது. உள்ளே 'டொக்'! ஆட்டினால் ஏதோ உருண்டது.

"தாத்தா வயலினை ஒடைச்சிட்டீங்களாப்பா?" மகளின் உதடு பிதுங்கியது.

வடிவீஸ்வரத்தில் ஒரு வயலின் வாத்தியாரிடம் ஓடினேன்.

"நாலையும் ஒண்ணா கழட்டினீராவே? நல்ல ஆளுதான்! உயிருல்லா விழுந்து கெடக்கு!"

அந்த உயிர், சுண்டுவிரலைவிட ஒல்லியான ஒரு மரக்குச்சி. பேர் சவுண்ட் போஸ்ட். பசையில்லை, ஆணியில்லை. மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே, குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், கம்பிகளின் அழுத்தத்தில் நிற்கிறது. துளி நகர்ந்தாலும் நாதம் மாறும். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஆன்மா' என்றே சொல்கிறார்கள்!

வளைந்த கம்பியில் குச்சியைக் குத்தி, மேல் துவாரம் வழியாக நிறுத்தியபடியே வாத்தியார் பாடம் எடுத்தார். கம்பியை ஒவ்வொன்றாகத்தான் மாற்றணும். வாசித்ததும் ரோசின் தூளை உலர்ந்த துணியால் துடைக்கணும். வில்லின் முறுக்கைத் தளர்த்தணும். சுருதி சேர்க்கச் சேர்க்கக் குதிரை பிருடைப் பக்கம் சாயும், அப்பப்போ நிமிர்த்தணும்.

"நமக்கு ஆனியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. பிருடை ஊதி இறுகிரும். முரட்டுத்தனமா திருகப்படாது. கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் சாக்பீஸ் தடவும், போதும்."

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலம். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா, தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தில் வயலின் பரிசளித்தார். அதைச் சொன்னேன்.

"அது தந்தம்வே. உம்மது மரம். மரத்துக்கு மழை தெரியும்!"

சுருதி சேர்த்து ஒரே ஒரு இழுப்பு. ஆபீஸ் விட்டு வந்து அப்பா திண்ணையில் இழுப்பாரே, அதே நாதம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எந்தப் பொருளுக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதணும் என்றுதான் காலேஜில் படித்தேன். வயலினுக்குத் தேய்மானம், பீரோ மேல் கிடந்தால்தான் போலிருக்கிறது.

இப்போது வீட்டில் தினமும் சரளி வரிசை. நேற்று பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்:

"அண்ணாச்சி, அந்தக் குச்சி மறுபடி எப்ப விழும்?"