சுமந்தவரும் வீரரே

1924-ஆம் வருஷம் ஜூன் 8-ந் தேதி எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி ஏறிய மல்லோரியும் இர்வினும் மேகத்தில் மறைந்தனர், திரும்பவில்லை. ஆக்ஸ்போர்டு மாணாக்கரான இர்வினுக்கு அப்போது வயது 22. பிராணவாயுக் கருவிகளைச் செப்பனிடுவதில் சமர்த்தர். 1999-இல் மல்லோரியின் தேகம் மலைச்சரிவில் காணப்பட்டது. 2024-இல் இர்வின் பெயர் தைத்த காலுறையுடன் ஒரு பாதம் பனியாற்றில் அகப்பட்டது. கதிர் காணாது மடிந்த பயிரென்று உலகம் இவர்களுக்காக இன்றும் இரங்குகிறது. அது தகுதியே.

ஆயின், 1922 ஜூன் 7-ந் தேதி அதே மலையில், மல்லோரி முன்னின்று நடத்திய ஏற்றத்தில், பனிச்சரிவு ஏழு சுமைகூலிகளைப் பலிகொண்டது. வெள்ளையர் ஒருவரும் மாளவில்லை. அவ்வேழ்வரின் வாழ்வும் பாதியில் அறுந்ததன்றோ? அவர்களில் ஒருவர் பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

உடன் சென்ற டாக்டர் ஸாமர்வெல், ஆங்கிலேயரில் ஒருவரேனும் அவர்களோடு மாண்டிருக்கலாகாதா என்று மனம் நொந்து எழுதினார். பின்னர் அவர் தென் திருவிதாங்கூரில், நெய்யூர் ஆஸ்பத்திரியில், பல்லாண்டு ஏழைகளுக்குச் சிகிச்சை செய்தார். அந்த மனச்சாட்சியை நாம் போற்றுகிறோம்.

1953-இல் ஹில்லாரியோடு சிகரத்தில் நின்ற டென்சிங்கும் சுமைகூலியாகத் தொடங்கியவரே. சுமக்கும் தோளில் ஏறும் ஆற்றலும் உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. தேசத் தொண்டிலும் இதுவே நியாயம்: தலைவர் பெயர் நிலைக்க, தொண்டர் பெயர் மறைய விடுவோமாயின், நாம் எழுதும் சரித்திரம் பாதிச் சரித்திரமே.