சீட்டில் எந்த வழி எழுதியிருக்கிறது?

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீ 23 பேரைப் பலிகொண்டது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகத்தான் வனத்துறையிடம் சீட்டு வாங்கியிருந்தார்கள். குழுக்கள் போனதோ கொழுக்குமலை வழி. பணம் கட்டிவிட்டு வழிகாட்டியின் பின்னால் நடந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கும்?

தேனி மலைகளில் நடக்க வருகிறவர்கள் அதனால் சீட்டையே கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த வழி, எந்தத் தேதி, எத்தனை பேர்? "எல்லாம் பேசியாச்சு சார்" என்பது அனுமதி ஆகாது. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட. அங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கூட்டிப் போனவர் மட்டுமல்ல, கூடப் போனவரும் மாட்டுவார்.

மாசி, பங்குனியில் இந்தச் சரிவுகளில் புல் காய்ந்து நிற்கும். அப்போது யார் அழைத்தாலும் போகாதீர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். உச்சியைப் பார்த்து ஓடித் தப்பலாம் என்பது ஆபத்தான நினைப்பு. புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரை, இவைதான் கொஞ்சமாவது காப்பவை. சுருளி, கும்பக்கரை அருவிகளில் குளிக்கத் தடை என்றால் வாக்குவாதம் வேண்டாம். மேலே பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 வழிகளை இணைய முன்பதிவுக்குத் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு அவற்றில் ஒன்று. உள்ளூர்க்காரர்களே வழிகாட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல்முறை வருகிறவர்களுக்கு இதுவே போதும்.

தனியார் நிறுவனத்தோடு போய் ஏமாந்தாலோ, அவர்கள் அலட்சியத்தால் காயப்பட்டாலோ, "என் உயிருக்கு நானே பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்க வேண்டாம். அந்தக் காகிதம் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுக்குள் புகார் தரலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், சீட்டின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆலோசனைக்கு 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

அவசரத்துக்கு 112. ஆனால் மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.