தேர்தல் காலத்தில் நம் கல்லாப் பணமும் கையிலுள்ள சீட்டும்



சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்படும் நாளில் கட்சிக்காரர்களுக்கு வேலை தொடங்குகிறது. நமக்குத் தொல்லை தொடங்குகிறது. எந்தக் கட்சி எந்தக் கூட்டணி, யாருக்கு எத்தனை இடம் என்று கடைவாசலில் பேசும் நாம், அன்றைக்கே அமலுக்கு வந்துவிடும் தேர்தல் நடத்தை விதிகளைக் கவனிப்பதில்லை. சரக்கெடுக்கப் புறப்பட்ட மளிகைக் கடைக்காரர் பாதி வழியில் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும்போதுதான் விஷயம் புரிகிறது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம். பணப் பட்டுவாடா காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலே ரத்தாகிப் பிறகு நடந்தது. 2016 மே மாதம் திருப்பூர் அருகே மூன்று கண்டெய்னர் லாரிகளில் ரூ.570 கோடி பிடிபட்டது. அது பாரத ஸ்டேட் வங்கியின் பணம் என்று பின்னர் விளக்கம் வந்தது. வங்கிப் பணத்துக்கே அந்த நிலை என்றால் நம் மஞ்சள் பைக்கு என்ன மரியாதை?

ரூ.50,000க்கு மேல் ரொக்கம் கொண்டு போகவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தேர்தல் ஆணையம் 2015இல் வகுத்த நடைமுறையின்படி, வேட்பாளர், அவருடைய ஏஜெண்டு அல்லது கட்சிக்காரர் செல்லும் வண்டியில் ரூ.50,000க்கு மேல் ரொக்கமோ, ரூ.10,000க்கு மேல் அன்பளிப்புப் பொருளோ இருந்தால் பறிமுதல் செய்யலாம். ஆனால் சாலையில் நிற்கும் பறக்கும் படைக்கு யார் கட்சிக்காரர், யார் வியாபாரி என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. ஆகவே ஐம்பதாயிரத்துக்கு மேல் வைத்திருக்கும் எல்லோரிடமும் கணக்குக் கேட்கிறார்கள். கணக்குக் காட்டினால் பணம் நம்முடையது. காட்டாவிட்டால் கருவூலத்துக்குப் போகிறது. ரூ.10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித் துறைக்கும் தகவல் போகும்.

வெளியே கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை:

1. வங்கியில் எடுத்த பணமானால், எடுத்த தேதி தெரியும் பாஸ்புக் அல்லது ரசீது.

2. கடை விற்பனைப் பணமானால், முதல் நாள் ரொக்க இருப்பைக் காட்டும் நாள்வழிப் பக்கத்தின் நகல்.

3. லைன் வசூல் பணமானால், கடைப் பெயர், பில் எண், தொகை எழுதிய வசூல் பட்டியல். இதை அவ்வப்போதே எழுத வேண்டும். சோதனைச் சாவடியில் உட்கார்ந்து எழுதினால் நம்ப மாட்டார்கள்.

4. ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, அது இல்லாத சிறு கடைக்காரர் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று. கூடவே அடையாள அட்டை.

5. பணத்தைக் கொண்டு போவது கடைப் பையனோ டிரைவரோ ஆனால், அவர் பெயரும் தொகையும் குறித்து முதலாளி கையெழுத்திட்ட கடிதம்.

சரக்குக்குப் பில் அவசியம். தமிழ்நாட்டுக்குள் ரூ.1 லட்சத்துக்கு மேலும், வெளிமாநிலத்துக்கு ரூ.50,000க்கு மேலும் மதிப்புள்ள சரக்கானால் இ-வே பில்லும் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பணத்தை எடுத்துக்கொண்டால் வாக்குவாதம் வேண்டாம். தொகையை எண்ணிப் பறிமுதல் ரசீது வாங்குங்கள். யாரிடம் முறையிட வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உண்டு. வழக்குப் பதிவாகாமலும் வேட்பாளர், கட்சித் தொடர்பு இல்லாமலும் இருந்தால், குழு பணத்தை உடனே விடுவிக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். வழக்கு இல்லாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பதும் விதி. ஆவணத்தோடு மறுநாளே போய் நில்லுங்கள்.

இன்னொரு ஆபத்து, டோக்கன். 2021 தேர்தலில் கும்பகோணத்தில் ரூ.2,000க்கு மளிகை வாங்கலாம் என்று ஒரு கடையின் பெயர் போட்ட டோக்கன் வாக்காளர்கள் கைக்கு வந்தது. ஜனங்கள் கடைவாசலில் திரண்டார்கள். டோக்கனுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று கடைக்காரர் அறிவிப்பு ஒட்ட வேண்டியதாயிற்று. "பணத்தை முன்கூட்டித் தருகிறோம், சீட்டுக் கொண்டு வருபவருக்குச் சரக்குக் கொடுங்கள்" என்று எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் கைகூப்பி அனுப்பிவிடுங்கள். ஓட்டுக்குப் பொருள் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நடுவில் நிற்கும் நம் பெயரும் வழக்கில் சேரும்.

கட்சிக் கூட்டச் சமையலுக்கு அரிசி, எண்ணெய் கேட்டால் கொடுக்கலாம், அது வியாபாரம். ஆனால் வேட்பாளர் பெயரில் பில் போட்டுக் கொடுங்கள். ரூ.10,000க்கு மேற்பட்ட தேர்தல் செலவை அவர் வங்கி வழியாகத்தான் தர வேண்டும். கடன் வேண்டாம். தோற்றவரிடம் பாக்கி கேட்பதும் கஷ்டம், ஜெயித்தவரிடம் கேட்பது அதைவிடக் கஷ்டம்.

வாக்குப்பதிவு நாளில் கடை ஆட்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை விடுவது சட்டப்படி நம் கடமை.

ஐம்பதாயிரம் வரம்பை உயர்த்த வேண்டுமென்று வணிகர் அமைப்புகள் கேட்டு வருகின்றன. நியாயமான கோரிக்கை, இன்றைய விலையில் அந்தத் தொகைக்குப் பருப்பும் எண்ணெயுமாக எடுத்தால் ஒரு குட்டியானை வண்டி நிறையாது. ஆனால் மாற்றும் அதிகாரம் தேர்தல் ஆணையத்திடம் இருக்கிறது. ஆட்சிக்கு வரும் எந்தக் கட்சியிடமும் இல்லை. மாறும் வரை, எல்லாக் கட்சிக்காரரும் நம் வாடிக்கையாளரே என்ற நினைப்போடு கணக்கை ஒழுங்காக எழுதி, சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவோம்.