பானைக் கீறலும் சிந்துவெளியும்: ஒரே மாதிரி இருந்தா உறவா?

2025 ஜனவரியில ஒரு செய்தி நம்ம எல்லார் வாட்ஸ்அப்லயும் சுத்துச்சு. தமிழ்நாட்டுப் பானை ஓடுகள்ல இருக்கற கீறல்கள்ல கிட்டத்தட்ட 90 சதவீதத்துக்கு சிந்துவெளியில இணை இருக்குன்னு. தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட ஆய்வு அது, செஞ்சவங்க கே. ராஜனும் இரா. சிவானந்தமும். 140 இடங்கள், 14,000-க்கு மேல ஓடுகள். சிந்துவெளி எழுத்தைப் படிச்சுக் காட்டுறவங்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசுன்னு முதலமைச்சர் ஸ்டாலினும் அறிவிச்சார்.

ஃபார்வர்ட் பண்ணவங்க சேர்த்த வரி: "நிரூபிச்சாச்சு!"

கொஞ்சம் பொறுங்க. அது உருவவியல் ஆய்வு. அதாவது, வடிவத்தோட வடிவத்தை ஒப்பிட்டிருக்காங்க. அந்தக் குறிகளோட ஓசையோ பொருளோ யாருக்கும் இன்னும் தெரியாது.

வடிவத்தை மட்டும் நம்பினா என்ன ஆகும்? மங்கோலியாவுல ஒர்கோன் பள்ளத்தாக்குல 8-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கு. பார்க்க அப்படியே வட ஐரோப்பாவோட ரூன் எழுத்து மாதிரி. அதனால 'ரூன் வடிவ எழுத்து'ன்னே பேர் வெச்சாங்க. 1893-ல டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தாம்சன் அதைப் படிச்சப்போ வந்தது பழைய துருக்கிய மொழி! ஒரே மாதிரி தெரிஞ்ச குறிகளுக்கு ஓசை வேற வேற.

அப்புறம் ஏன் அவ்வளவு ஒற்றுமை? கல்லுலயும் மரத்துலயும் கீறும்போது நேர்கோடுதான் சுலபம். நம்ம பானைகள்லயும் பெரும்பாலும் சுட்ட பிறகு கூரான கருவியால கீறினதுதான். நாலஞ்சு கோட்டை வெச்சு எத்தனை வடிவம்தான் போட முடியும்? ஏணி, அம்பு, பெருக்கல் குறின்னு திரும்பத் திரும்ப அதேதான் வரும். கோடிங் பண்றவங்களுக்கு இது ஹாஷ் கொலிஷன் மாதிரி: ரெண்டு வேற இன்புட், ஒரே அவுட்புட்.

அதுக்காக இந்த ஆய்வைத் தூக்கிப் போடவும் முடியாது. ஒர்கோன் எழுத்து எங்கிருந்து வந்துச்சுங்கறதுலயே சண்டை ஓயல. அராமிக் குடும்பத்துல இருந்துன்னு ஒரு கட்சி. குதிரைக்குப் போடுற 'தம்கா' சூட்டுக்குறியில இருந்து சில எழுத்தாவது வந்திருக்கும்னு இன்னொரு கட்சி. அடையாளக் குறி எழுத்தா மாறலாம், மாறாமயும் போகலாம். பெரம்பலூர், அரியலூர்ல இருந்து கேக்குறவங்க சலவைக்குப் போன துணியோட மூலையில மைக்குறி பார்த்திருப்பீங்க. யார் வீட்டுத் துணின்னு அது சொல்லும். ஆனா அதை வெச்சு கடுதாசி எழுத முடியாது.

சரி, எது சோதனை? வரிசை. சிந்துவெளி முத்திரைகள்ல சராசரியா அஞ்சு குறி வரிசையா வரும். பானைக் கீறல் பெரும்பாலும் தனியா நிக்கும். அதே குறிகள் அதே வரிசையில இங்கயும் திரும்பத் திரும்ப வந்தா, கேஸ் பலமாகும். தாம்சனுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்துச்சு: அதே கல்லுல சீன மொழியிலயும் எழுதியிருந்தாங்க, பேர்களைப் பொருத்திப் பார்க்க முடிஞ்சுது. சிந்துவெளிக்கு அப்படி ஒரு இருமொழிக் கல் இதுவரைக்கும் கிடைக்கல.

நம்ம வரலாறு பழசுன்னு காட்ட கீழடி மாதிரி காலக்கணிப்பு செஞ்ச சான்றுகள் இருக்கு. அதோட இந்த 'நிரூபிச்சாச்சு'வைக் கட்டி வெச்சா, இது உடையற அன்னைக்கு அதையும் சேர்த்துக் கேலி பண்ணுவாங்க. அதனால அடுத்த ஃபார்வர்டுக்கு ஒரே கேள்வி கேளுங்க: ஒத்துப்போறது வடிவமா, வரிசையா?