கார் உறுமுகிறது, ஆனால் ஓடவில்லை!
டர்போ கெட்டுவிட்டதா? கிளட்ச் வழுக்குகிறதா?

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோவில் நினைவுக்கு வரும். மணிமுத்தாறு நினைவுக்கு வரும். அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பீங்கான்! பீங்கான் தொழில் கற்றுத்தர அரசாங்கக் கல்வி நிலையமே இந்த ஊரில் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை என்று எத்தனையோ சாமான்கள் இங்குள்ள சூளைகளில் வெந்து வெளியூர் போகின்றன.

சூளைக்குள் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்பது பீங்கான் தொழிலாளிக்குத் தெரியும். சூடு மிஞ்சினால் சரக்கு பாழ். காருக்குள்ளும் அப்படி ஒரு இடம் உண்டு. அங்கே சூடு மிஞ்சினால் நடு ரோட்டில் குடும்பத்தோடு நிற்க வேண்டியதுதான். அந்த இடத்துக்குப் பெயர் கிளட்ச்.

கிளட்ச் என்பது என்ன?

மாவு மில்லைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் ஒரு பக்கம். மாவு அரைக்கும் கல் மறுபக்கம். இரண்டையும் இணைப்பது பெல்ட். பெல்ட் தளர்ந்தால் என்ன ஆகும்? மோட்டார் வேகமாகச் சுற்றும். கல் சுற்றாது. தீய்ந்த வாடை வரும்.

காரில் பெல்ட்டின் வேலையைச் செய்வது கிளட்ச். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஃபிளைவீல். அதன் மேல் பதிந்து நிற்பது கிளட்ச் பிளேட். அந்தப் பிளேட்டை வில் பலத்தால் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். மூன்றும் ஒட்டி நின்றால் என்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போகும். காலால் பெடலை மிதித்தால் பிடி விட்டுப்போகும். அப்போது கியர் மாற்றலாம்.

பிளேட் தேய்ந்தாலோ, அதன் மேல் எண்ணெய் பட்டாலோ பிடி நழுவும். பட்டறைக்காரர்கள் இதைத்தான் "கிளட்ச் ஸ்லிப் ஆகிறது" என்கிறார்கள்.

டர்போ வண்டிக்கு ஏன் தனிக் கவலை?

டர்போ என்பது சிறிய காற்றாடி. என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் அது சுற்றுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும்! சுற்றும்போது வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் சேர்ந்தால் எண்ணெயும் அதிகம் எரியும். பலமும் கூடும். ஆல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து என்ஜினீயர் 1905-ல் இந்த யோசனைக்கு உரிமை வாங்கினார்.

நம் ரோடுகளில் அதிகம் ஓடிய 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முறுக்கு பலம் 190 நியூட்டன் மீட்டர். நிமிஷத்துக்கு 2,000 சுற்று வந்ததுமே அந்தப் பலம் கிடைத்துவிடும். அதே காரின் 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு முறுக்கு பலம் சுமார் 115 தான். அதுவும் 4,000 சுற்றுக்குப் பிறகு!

ஆகவே டர்போ வண்டியின் கிளட்ச் குறைந்த வேகத்திலேயே பெரிய பளுவைத் தாங்க வேண்டும். பிளேட் தேய ஆரம்பித்தால் முதலில் நழுவுவதும் அந்த இடத்தில்தான்.

மாருதி கம்பெனி 2020-ல் டீசல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எனவே சந்தைக்கு வரும் மாருதி டீசல் வண்டிகள் எல்லாம் கைமாறிய வண்டிகளே. பழைய டீசல் வண்டி வாங்கும் குடும்பங்கள் கிளட்சைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம்.

ஏமாறாதீர்கள்!

வண்டி இழுக்கவில்லை என்றதும் பலர் "டர்போ போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டர்போவை மாற்றுவது பெரும் செலவு. கோளாறு கிளட்சில் இருந்தால் அத்தனை பணமும் வீண். டர்போவை மாற்றிய பிறகும் வண்டி முன்போலவே வழுக்கும்!

இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. காரின் முன்பலகையில் இரண்டு முட்கள் இருக்கும். ஒன்று வண்டியின் வேகத்தைக் காட்டும். மற்றொன்று என்ஜினின் சுற்றைக் காட்டும்.

ஆளில்லாத நேரான ரோட்டில் நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். என்ஜின் சுற்றைக் காட்டும் முள் துள்ளி எழுகிறதா? வேக முள் மட்டும் அசையாமல் நிற்கிறதா? அப்படியானால் கிளட்ச் வழுக்குகிறது.

இரண்டு முட்களும் சேர்ந்தே மெதுவாக ஏறுகின்றனவா? கரும்புகையோ, சங்கு ஊதுவது போன்ற சத்தமோ வருகிறதா? அப்படியானால் டர்போவையும், அதற்குப் போகும் காற்றுக் குழாயையும், காற்று வடிகட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முள் துள்ளினால் கிளட்ச். முள் தயங்கினால் காற்றுப் பக்கம். இதை நினைவில் வையுங்கள்.

பட்டறையில் இன்னொரு சோதனையும் செய்வார்கள். கைப்பிரேக்கை இழுத்து, நாலாவது கியரைப் போட்டு, பெடலை மெதுவாக விடுவார்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் அணைந்துவிடும். அணையாமல் ஓடினால் கிளட்ச் நழுவுகிறது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்யக்கூடாது. பிளேட் கருகிவிடும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கவும் கூடாது.

தேய்வது எதனால்?

முதல் காரணம் நம் கால்! கியர் மாற்றாதபோதும் இடது காலைப் பெடல் மேலேயே வைத்திருப்பது பலருக்குப் பழக்கம். அரைப் பிடியில் பிளேட் உரசிக்கொண்டே இருக்கும்.

மாசி மகத்தன்று விருத்தாசலத்தில் கூட்டம் நெரியும். வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும். அப்போது அரைக் கிளட்சில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். நிறுத்துங்கள். முன்னால் இடம் கிடைத்ததும் நகருங்கள். மேட்டில் நிற்கும்போது கைப்பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது காரணம் அளவுக்கு மீறிய பாரம். மூன்றாவது எண்ணெய்க் கசிவு. நான்காவது, கம்பெனி வைத்த கணக்கை மாற்றி டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவது. என்ஜினுக்குப் பலம் கூடும். கிளட்சின் பலம் கூடாதே!

கேபிள் வைத்த வண்டியானால் கேபிளை முறுக்கி வைத்ததாலும் வழுக்கல் வரும். சரி செய்தால் போதும். எனவே கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

கிளட்சை மாற்ற வேண்டுமானால் கியர் பாக்ஸைக் கீழே இறக்கியாக வேண்டும். வேலைக்குத்தான் கூலி அதிகம். ஆகவே பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விடுவது தவறான சிக்கனம். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே லாபம்.

பழைய பிளேட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் சீல் கசிகிறது என்று அர்த்தம். சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டைப் போட்டால் அதுவும் நனைந்து வழுக்கும்.

ஃபிளைவீலில் நீல நிறத் திட்டோ, வெடிப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில டர்போ வண்டிகளில் ஃபிளைவீல் இரண்டு துண்டாக, நடுவே வில் வைத்து இருக்கும். அது ஆட்டம் கண்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். செலவு கூடும். முன்பே விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளேட்டைச் சரியான பக்கம் திருப்பி, நடுமையம் பார்த்துப் பொருத்த வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய பிளேட்டுகள் சிலவற்றில் கல்நார் இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது.

பீங்கான் கிளட்ச் போடலாமா?

பீங்கான் ஊரில் இந்தக் கேள்வி எழுவது நியாயமே. பீங்கானும் உலோகமும் கலந்த பிளேட் நிஜமாகவே உண்டு! டிராக்டரிலும், கனமான லாரியிலும், பந்தயக் காரிலும் பயன்படுகிறது. சாதாரணப் பிளேட் சில நூறு டிகிரிச் சூட்டிலேயே கருகிவிடும். பீங்கான் கலந்தது அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும்.

ஆனால் அது சட்டென்று கவ்வும். வண்டி குலுங்கிக் கிளம்பும். குழந்தைகளும் பெரியவர்களும் ஏறும் வண்டிக்கு அது ஒத்து வராது. கம்பெனி சொன்ன பிளேட்டே போதும்.

புதுப் பிளேட் போட்டபின் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள். இழுவை வேண்டாம். ஏற்காடு, கொல்லிமலைப் பயணத்தைச் சில வாரம் தள்ளி வையுங்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள்! பிளேட் பதியாத வண்டிக்கு அது ஏற்ற இடம் அல்ல.

வழுக்கும் கிளட்சோடு மலை ஏறுவதோ, மிகுந்த ஆபத்து. ஏற்றத்தில் என்ஜின் உறுமும். வண்டி நின்றுவிடும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்.

தீய்ந்த வாடை வந்த அன்றே பட்டறைக்குப் போங்கள். பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிக் கண்ணால் பாருங்கள். எதனால் கெட்டது என்று அதுவே சொல்லும்!